நாலு வேளை ஒருசந்தி

சாம்பல் புதனன்று பங்குத்தந்தை சுருக்கமாகத்தான் பேசினார். "ஏதாவது ஒண்ணை விடுங்க. விட்டதை, இல்லாத ஒரு சகோதரனுக்குக் குடுங்க. இந்த நாற்பது நாளுக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பங்குப் பேரவைக்குச் செயலாளர் என்று ஒருவர் இருந்தார்.

செயலாளர் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். இருபத்தெட்டு வருடங்களாக மற்றவர்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பி வருபவர். படிவம் இல்லாத நற்செயலில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் 'தவக்கால ஒறுத்தல் மற்றும் சகோதரத்துவப் படிவம்' தயாராகிவிட்டது. அதில் ஆறு கட்டங்கள்: விடப்பட்ட பொருள், விடப்பட்ட நாள், பயனடைந்த சகோதரன், சகோதரனின் கையொப்பம், சாட்சியின் கையொப்பம், குறிப்பு.

அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து படித்துப் பார்த்தாள்.

"நீங்க எதை விடப் போறீங்க?"

"வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு. அதை அப்படியே கொண்டுபோய் ஒரு ஏழைக்குக் குடுத்துடுவேன்."

"ஆக, சமைக்கிறது சமைச்சுதான் ஆகணும்."

"ஆமா. சொல்லப் போனா கொஞ்சம் கூடவே சமைக்கணும். வெளியே போற சாப்பாடு இல்லையா."

"அப்ப என் கையெழுத்துக்குக் கட்டம் எங்க?"

"உன்னோடது என்னோடதுலயே அடங்கிடும்" என்றார் செயலாளர். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அன்று மாலையே சகோதரத்துவக் குழு கூடியது. செயலாளரையும் சேர்த்து நாலு பேர். மருந்துக்கடைக்காரர் சர்க்கரையை விடுவதாக எழுதினார். மூன்று வருடமாக டாக்டர் அதற்குத்தான் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வெள்ளிக்கிழமைத் தொடர்களை விட்டார். சனிக்கிழமை காலையில் மருமகள் அவருக்குக் கதையை வசனத்தோடு சொல்லிவிடுவாள். கான்ட்ராக்டர் மீசையைத் தடவிக்கொண்டு, "நான் கோபத்தை விடறேன்" என்றார். மறுநாள் காலை பத்து மணிக்கு இரண்டு கொத்தனார்கள் வேலையை விட்டுப் போனதால், செயலாளரைக் கூப்பிட்டு அந்தக் கட்டத்தில் 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

இவை தனித்தனி ஒறுத்தல்கள். பொதுவான ஒறுத்தல் செயலாளருடையதுதான்: நாலு வீட்டிலும் வெள்ளி மதியச் சாப்பாட்டை விட்டு ஒருசந்தி இருப்பது, அதை ஆளுக்கு ஒரு ஏழைச் சகோதரனுக்குக் கொடுப்பது. திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஏழைதான் கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லை என்று சொல்வது சரியில்லை. பங்கில் ஏழைகள் இருந்தார்கள். ஏழை என்று ஒத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. கிடங்குக் காவலாளியிடம் படிவத்தை நீட்டியபோது, "என் மக நர்ஸுக்குப் படிக்கிறா சார். அவ காதுல விழுந்தா உங்களைத்தான் சண்டைக்குக் கூப்பிடுவா" என்றார். கோயில் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் விதவை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாவம், நீங்க வெள்ளிக்கிழமை பட்டினியா? அப்ப எங்க வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க" என்றாள். செயலாளர் குடையை விரித்துக்கொண்டு அவசரமாக நடந்துவிட்டார். வெயில்கூட இல்லை.

கடைசியில் சாவிக்காரர்தான் மறுக்கவில்லை.

அவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த தெருவில் மாற்றுச் சாவி போட்டுக் கொடுப்பவர். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். தனி ஆள். கோயிலில் கடைசிப் பெஞ்சில், கதவோரமாக உட்காருவார். ஒரே அறைதான் கடையும் வீடும். முன்பக்கம் சாவி அறுக்கும் சின்ன இயந்திரம், சுவர் நிறைய ஆணிகளில் வெட்டப்படாத சாவிகள், அரம் வைக்கும் தகரப் பெட்டி. பின்பக்கம் ஓர் இரும்புக் கட்டில், ஒற்றை அடுப்பு, ஒரே ஒரு தட்டு. அந்த ஒரே தட்டைப் பார்த்ததும் செயலாளருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதைவிடப் பொருத்தமான சகோதரன் அமைய மாட்டார்.

"எனக்கா?" என்றார் சாவிக்காரர்.

"உங்களுக்குத்தான். வெள்ளிக்கிழமைதோறும்."

"வெள்ளிக்கிழமையா?" அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றிப் பிடித்தபடி நின்றார். அவர் பேனாவையும் பார்த்தார், செயலாளரின் முகத்தையும் பார்த்தார். பிறகு, "சரி, வாங்க" என்றார்.

நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஏழை. ஆளுக்கு ஒரு நாள் பிரித்துக்கொள்ளலாம் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லிப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை பட்டினி கிடந்தா அது ஒருசந்தியா?" என்று கேட்டார் தலைமையாசிரியை. "டயட்டுன்னுதான் சொல்லுவாங்க."

ஆகவே நாலு பேருக்கும் வெள்ளிதான். பன்னிரண்டு மணிக்குச் செயலாளர், பன்னிரண்டே முக்காலுக்கு மருந்துக்கடைக்காரர், ஒன்றரைக்குத் தலைமையாசிரியை, இரண்டே காலுக்குக் கான்ட்ராக்டர். படிவத்தின் பின்பக்கத்தில் விதிகளை எழுதியதும் செயலாளர்தான். நாலாவது விதி இப்படி இருந்தது: 'உணவு பிறருக்கு வழங்கப்படாமலும் வீணாக்கப்படாமலும் சகோதரனால் முழுமையாக உண்ணப்பட்டதை நேரில் கண்டு, அதன் பின்னரே கையொப்பம் பெறவும்.' எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

முதல் வெள்ளியன்று சோறும் பருப்பும் இரண்டு காயும் ஒரு அவித்த முட்டையுமாக அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தபோது, எதிரில் வந்தவர்களிடமெல்லாம் செயலாளர் நின்று பேசினார். எங்கே போகிறீர்கள் என்று யாரும் கேட்காவிட்டாலும் பதில் சொன்னார். சாவிக்காரர் கையைக் கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். செயலாளர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து, பரீட்சை மண்டபத்துக் கண்காணிப்பாளர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். சாவிக்காரர் ரொம்ப மெதுவாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு கவளத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டார். நன்றியில் மூடுகிறார் என்று செயலாளர் எடுத்துக்கொண்டார்.

"முட்டையை விட்டுட்டீங்களே."

"போதும் சார்."

"கூச்சப்படாதீங்க. நாம சகோதரங்க."

சாவிக்காரர் முட்டையையும் சாப்பிட்டார். கையெழுத்துப் போட்டார். தெருமுனையில் மருந்துக்கடைக்காரர் தம் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தார். இருவரும் காவல் மாற்றிக்கொள்ளும் சிப்பாய்களைப் போலத் தலையசைத்துக்கொண்டார்கள்.

இப்படியே மூன்று வெள்ளி போயிற்று. நாலாவது வாரம் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பங்குகளில் நடக்கும் தவக்காலப் பணிகளை ஆயர் நேரில் பார்க்க விரும்புவதாகவும், ஆறாவது வெள்ளியன்று மதியம் இந்தப் பங்குக்கு வருவதாகவும் எழுதியிருந்தது. சிறந்த பங்கைப் பற்றி மறைமாவட்ட இதழில் படத்தோடு கட்டுரை வருமாம். செயலாளர் கடிதத்தை நாலு படி எடுத்தார். வீட்டுக்கு ஒன்று தனியாக.

குழுக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர் ஒரு தகவல் சொன்னார். "சாவிக்காரர் சனிக்கிழமை சனிக்கிழமை நம்ம கடைக்கு வந்து அஜீரண மாத்திரை வாங்கிட்டுப் போறார்."

கான்ட்ராக்டர் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா! ஒரு ஏழைக்கு அஜீரணம் வர்ற அளவுக்குச் செஞ்சிருக்கோம். வேற எந்தப் பங்குல நடந்திருக்கு இது?"

குறிப்பு என்ற கட்டத்தில் இதைச் சேர்க்கலாமா என்று செயலாளர் ஒரு நிமிடம் யோசிக்கக்கூடச் செய்தார்.

ஐந்தாவது வெள்ளி. கடையில் விட்டிருந்த அன்றைய படிவங்களை ஒன்றாகச் சேர்த்து ஆயர் இல்லத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டியிருந்ததால், கான்ட்ராக்டரின் முறையும் முடிந்த பிறகு, மூன்று மணி வாக்கில் செயலாளர் மறுபடியும் சாவிக்கடைக்குப் போனார். கடை திறந்திருந்தது. உள்ளே ஆள் இல்லை. பின்வாசல் பக்கம் சத்தம் கேட்டது.

சாக்கடை ஓரத்தில் சாவிக்காரர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்து இஸ்திரிக்கடை அம்மா ஒரு கையால் அவர் நெற்றியைத் தாங்கி, மறு கையால் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். செயலாளரைப் பார்த்ததும் செம்பைக் கீழே வைத்தாள்.

"வாங்க. அஞ்சாவது பந்தியா?"

"நான் ஃபாரம் வாங்கிட்டுப் போக வந்தேன்."

"நாலு பேர் குடுத்ததும் இந்தா கிடக்கு" என்று சாக்கடையைக் காட்டினாள். "சரியா இருக்கான்னு பாத்து எடுத்துக்கங்க."

"விடும்மா" என்றார் சாவிக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டு.

"எதை விடறது? நான் இங்க கடை போட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. தவக்காலம் வந்தா வெள்ளிக்கிழமை இந்த மனுஷன் பல்லுல பச்சத்தண்ணி படாது. சாயந்திரம் சிலுவைப்பாதை முடிஞ்சு வந்துதான் ஒரு வாய் கஞ்சி. அவரைப் பிடிச்சு உக்கார வச்சு நாலு வேளை திணிக்கிறீங்க. நான் உங்க கோயிலுக்கு வர்றவ இல்ல. ஒருசந்தின்னா உங்க கோயில்ல இதுதான்னா, எனக்கு ஒண்ணும் புரியல."

அவள் உள்ளே போய்விட்டாள். இஸ்திரிப் பெட்டி மேசையில் இடிக்கும் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

சாவிக்காரர் கடைக்குள் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். யாரோ கொடுத்துவிட்டுப் போயிருந்த சாவியைப் பிடியில் மாட்டி, அரத்தை எடுத்து மெல்லத் தேய்க்க ஆரம்பித்தார். செயலாளருக்கு உட்காரத் தோன்றவில்லை.

"முதல்லயே ஏன் சொல்லல நீங்க?"

"சொல்ல வந்தேன் சார். நீங்க பேனாவைத் திறந்துட்டீங்க."

செயலாளர் சட்டைப் பையில் இருந்த பேனாவைக் கையால் மறைத்துக்கொண்டார். ஏன் மறைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்புறம் பாத்தேன்" என்று சாவிக்காரரே தொடர்ந்தார். "நாலு பேரும் ஆசை ஆசையாக் கொண்டாந்தீங்க. குடுத்தாத்தான் ஆச்சுங்கற மாதிரி முகம். அதுவும் ஒரு பசிதானே சார். வீட்டு வாசலுக்குப் பசியோட வந்தவங்களை எப்படித் திருப்பி அனுப்புறது?"

இருபத்தெட்டு வருடங்களில் செயலாளர் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். இப்படி ஒரு காரணத்துக்காக யாரையும் உள்ளே விட்டதில்லை.

"வெள்ளிக்கிழமை இருக்கறது, ஏதாவது வேண்டுதலா?"

சாவிக்காரர் சாவியைத் திருப்பி மாட்டி மறுபக்கத்தைத் தேய்த்தார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான் சார். இருக்கான்னுதான் சொல்லணும். ஒரு தவக்காலத்துல வீட்டை விட்டுப் போனான். ஒரு வெள்ளிக்கிழமை. சாப்பிடாமப் போனான். இருபத்தாறு வருஷம் ஆச்சு. எங்க இருந்தாலும் இந்த ஒரு வேளையாவது அவனுக்கு எங்கயாவது கிடைக்கட்டும்னு என் வேளையை விட்டுடுவேன். படிக்காதவன் கணக்கு. நான் சாப்பிடலைன்னா அவன் சாப்பிடுவான். அவ்வளவுதான்." அரத்தை ஊதினார். "இந்த வருஷம் அஞ்சு வெள்ளி அவன் பட்டினி."

வெளியே ஒரு பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு போனது. சுவரில் தொங்கிய சாவிகள் லேசாக அதிர்ந்தன.

"இதை யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கோயில்ல பேர் சொல்லி வேண்ட ஆரம்பிச்சிடுவாங்க. ஓடிப்போனவன் கதையை மறுபடியும் தோண்டுவாங்க. என்னால தாங்க முடியாது."

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்றார் சாவிக்காரர். ஒருவரிடம் எதையும் கேட்டுப் பழகாத குரல். "பெரிய வெள்ளிக்கு முந்தி அடுத்த வெள்ளி ஒண்ணுதான் பாக்கி இருக்கு. அது ஒண்ணை மட்டும் எனக்கு விட்டுடறீங்களா?"

இங்கே சொல்ல வேண்டிய பதில் எது என்று செயலாளருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஆயர் வந்து நின்றுகொண்டார். கடிதம் வந்தது, நாலு படி எடுத்தது, படத்தோடு வரப்போகும் கட்டுரை எல்லாமும் வரிசையாக வந்து நின்றன.

"அடுத்த வெள்ளிதாங்க ஆயர் ஆண்டவர் வர்றார்" என்று ஒரு குரல் கேட்டது. அது தம்முடைய குரல்தான் என்பதைச் செயலாளர் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டார். "நாலு தடவை இல்ல. ஒரே ஒரு தடவை. எல்லார் வீட்டுதும் சேர்த்து ஒரே தட்டு. ஆண்டவர் பாத்துட்டுப் போயிடுவார். ஒரே ஒரு வெள்ளி. எனக்காக."

அரம் நின்றது. சாவிக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்திருந்தால் செயலாளர் தப்பித்திருப்பார். அது இல்லை. முதல் நாள் பேனாவையும் முகத்தையும் பார்த்த அதே பார்வைதான்.

"சரி, வாங்க" என்றார்.

அந்த வாரம் செயலாளருக்கு ஒன்றும் ஓடவில்லை. அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் விண்ணப்பதாரரின் கையொப்பமே இல்லாமல் இருந்தது, அனுமதித்துவிட்டார். பழைய ஊழியர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். பங்குத்தந்தைக்கு எழுத நினைத்து மூன்று தடவை தாளை எடுத்தார். மூன்று தடவையும் 'பொருள்' என்று எழுதி இரட்டைப் புள்ளி வைத்தார். அதற்கு மேல் எழுத ஒன்றும் வரவில்லை. பொருள் என்னவென்று எழுதினால் சத்தியம் போயிற்று. எழுதாவிட்டால் காரணம் இல்லை. காரணம் இல்லாத விண்ணப்பத்தை அவரே ஏற்றுக்கொண்டதில்லை. உண்மையில் இது ஒரு சாக்கு என்பதும் அவருக்குத் தெரியும். சாவிக்காரருக்கு உடம்பு முடியவில்லையாம் என்று ஒரு வரி எழுதினால் போதும். கை போகவில்லை.

"என்ன, மூஞ்சி செத்துக் கிடக்கு?" என்றாள் மனைவி. "ஆண்டவர் வர்றார்னா துள்ளிக் குதிப்பீங்களே."

"ஒண்ணுமில்ல. அஜீரணம்."

"நீங்க எங்க சாப்பிட்டீங்க, அஜீரணம் வர்றதுக்கு?"

ஆறாவது வெள்ளியன்று சாவிக்கடைத் தெரு அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. கான்ட்ராக்டர் கடையின் முன்சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து, சாக்கடைக்கு மேல் பலகை போட்டிருந்தார். பத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு துணிப் பந்தல். 'ஒரே தட்டு, ஒரே குடும்பம்' என்று ஒரு பதாகை. இஸ்திரிக்கடை அம்மா தன் கடையை அன்றைக்குப் பூட்டிவிட்டுப் போயிருந்தாள்.

ஆயர் முழங்கால் வலிக்காரர். காரிலிருந்து இறங்கி, பங்குத்தந்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறினார். அறைக்குள் ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். சாவிக்காரர் சலவைச் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு முக்காலியில் தட்டு. நாலு வீட்டுச் சோறும் நாலு வீட்டுக் காய்களும் குவிந்து, இரண்டு ஆள் சாப்பாடு இருந்தது. கான்ட்ராக்டர் கைபேசியை உயர்த்திப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தார்.

"இவர்தான் நம்ம சகோதரன், ஆண்டவரே" என்றார் தலைமையாசிரியை. "முதல்ல எல்லாம் சரியாச் சாப்பிட மாட்டார். பழக்கி எடுத்திருக்கோம்."

ஆயர் சிலுவை வரைந்து உணவை ஆசீர்வதித்தார். எல்லாரும் 'ஆமென்' என்றார்கள். சாவிக்காரர் சோற்றில் கை வைத்தார். ஒரு கவளம் உருட்டினார். கண்ணை மூடினார்.

செயலாளர் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். சாவிக்காரரின் உதடு அசைவது அவருக்குத் தெரிந்தது. செபம் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அது யாரோ ஒருவனிடம் மன்னிப்புக் கேட்கிற அசைவு என்பது அந்த அறையில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். ஐந்து வெள்ளியும் எதிரே உட்கார்ந்து அதை நன்றி என்று பார்த்துக்கொண்டிருந்தவரும் அவரேதான்.

அடுத்து நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை, செயலாளர் உட்பட. அவர் பாய்ந்து முக்காலியிலிருந்து தட்டை எடுத்தார். நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

முதலில் எல்லாரும் இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். கான்ட்ராக்டர்கூடக் கைபேசியை அவர் பக்கம் திருப்பி வாகாகப் பிடித்தார். இரண்டாவது, மூன்றாவது கவளத்துக்குப் பிறகுதான் சந்தேகம் வந்தது. சோறு சட்டையில் சிந்தியது. கன்னம் உப்பியது. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஐயையோ, என்ன பண்றீங்க நீங்க?" என்றார் தலைமையாசிரியை.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனிதர். "லோ சுகரா சார்? மயக்கமா வருதா?" என்று கேட்டார். வெளியேறக் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. தலையை ஆட்டினால் போதும். எல்லாரும் தண்ணீர் தெளித்து, விசிறி, தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். ஒறுத்தலில் மயங்கி விழுந்த செயலாளர் என்று இதழில்கூட வந்திருக்கும்.

"இல்ல" என்றார் செயலாளர், வாய் நிறையச் சோற்றோடு. "பசிக்குது."

அது பொய்யும் இல்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. காயில் தம் மனைவியின் கைமணம் தெரிந்தது. இத்தனை அவமானத்துக்கு நடுவிலும் சோறு ருசியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் கூசவைத்தது.

"வெட்கமா இல்ல? ஏழை தட்டுல இருந்து எடுத்து..." கான்ட்ராக்டருக்கு அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை, குரல் எகிறியது.

"நீங்க இருங்க, எங்க வீட்டுல இன்னும் சோறு இருக்கு. பத்து நிமிஷத்துல கொண்டாந்துடறேன்" என்று தலைமையாசிரியை சாவிக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

செயலாளர் விழுங்கினார். "அதையும் எனக்கே குடுங்க."

பங்குத்தந்தை தரையைப் பார்த்தார். ஆயர் மட்டும் செயலாளரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்பிடட்டும், விடுங்க" என்றார். சாவிக்காரரின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு?" என்று கேட்டார்.

சாவிக்காரர் கையில் இருந்த ஒரே கவளத்தைத் தட்டின் ஓரத்தில் திரும்ப வைத்துவிட்டு, செம்பில் கையைக் கழுவினார். "எனக்கு இப்ப வேண்டாம் ஆண்டவரே. சாயந்திரம் பாத்துக்கறேன்."

செயலாளர் அந்தக் கவளத்தையும் சேர்த்துத் தட்டைக் காலி செய்தார். யாரும் அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

அன்று மாலை சிலுவைப்பாதை தொடங்குவதற்குள் படம் பங்கின் எல்லாக் கைபேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பின்னணியில் யாரோ ஒரு சோகப் பாட்டையும் சேர்த்திருந்தார்கள். குருத்து ஞாயிறன்று கான்ட்ராக்டர் செயலாளரின் ராஜினாமாக் கடிதத்தைத் தாமே தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தார். செயலாளர் அதைப் படித்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தி, கையெழுத்துப் போட்டார். கோயிலில் அவர் வழக்கமாக உட்காரும் மூன்றாவது பெஞ்சில் தாராளமாக இடம் இருந்தது. அவர் நின்று பார்த்துவிட்டுக் கடைசிக்குப் போனார். கதவோரத்தில் சாவிக்காரர் முழங்காலை ஒடுக்கி அவருக்கு வழிவிட்டார். நன்றி என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செயலாளரால் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது. ஆறில் ஐந்து போனது போனதுதான்.

புனித வாரத்தில் புதனன்று காலை செயலாளர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். தட்டிக்கு அந்தப் பக்கம் பங்குத்தந்தையின் மூச்சு கேட்டது.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கு இன்னும் புரியல" என்றார் பங்குத்தந்தை. "சொல்லணும்னா சொல்லலாம். இங்க சொல்றது இங்கயே இருக்கும்."

இதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் இல்லை. சத்தியத்தை மீறியதாகவும் ஆகாது என்று ஒரு மனம் சட்டம் பேசியது. செயலாளர் வாயைத் திறந்தார். சொல்லி முடித்ததும் தட்டிக்கு அப்பால் குரல் எப்படிக் குழையும், 'உங்களைப் போய்த் தப்பா நினைச்சேனே' என்று எப்படிச் சொல்வார் என்பதெல்லாம் காதில் கேட்டுவிட்டது. அந்தக் குரலுக்காகத்தான் வாய் திறக்கிறது என்று தெரிந்ததும் மூடிக்கொண்டார்.

"பசிச்சுது, ஃபாதர்."

"அதுக்கு முன்னாடி?"

செயலாளர் தட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு முன்னாடி ஒருத்தர் என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டார். முடியாதுன்னுட்டேன். எனக்குப் பேர் வரணும்னு."

பங்குத்தந்தை மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பரிகாரமாகப் பத்து 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொன்னார். எழுந்திருக்கும்போது செயலாளரின் முழங்கால் சத்தம் போட்டது.

வீட்டில் மனைவி சாப்பாடு எடுத்து வைத்தாள். அவளுக்கும் அந்தப் படம் வந்திருந்தது. ஐந்து நாளாக அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கு மட்டுமாவது சொல்லலாமில்ல. இருபத்திரண்டு வருஷமா உங்களுக்குப் பொங்கிப் போடறவ. அவ்வளவு பசியா இருந்துச்சு? வீட்டுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா ஓடி வந்திருக்க மாட்டேனா?"

அவள் கேலி செய்யவில்லை. வீட்டில் ஒரு மனிதனைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று நிஜமாகவே வருந்துகிற முகம். அந்த முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பதுதான் ஆயர் முன்னால் நின்றதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒரு வாக்கியம் போதும். அவள் கண்ணில் மறுபடி மனிதனாகிவிடலாம். அந்த வாக்கியம் தொண்டை வரை ஏறி நின்றது.

செயலாளர் ஒரு பெரிய கவளமாக உருட்டி வாயில் அடைத்துக்கொண்டார்.

"மெதுவா" என்றாள் அவள், தண்ணீர்ச் செம்பை நகர்த்தி. "யாரும் பிடுங்க வரல."

அவர் தலையைக் குனிந்துகொண்டு மென்றார். விழுங்கியதும் அடுத்த கவளத்தை உருட்டினார்.